கர்சர் குதித்தால் உடனே டச்பேடுக்குப் பணம் கட்டாதீர்கள்: டெல்டா மக்களுக்கு ஓர் எச்சரிக்கை

திருத்துறைப்பூண்டிப் பக்கம் ஒரு கிராமத்தில் இ-சேவை மையம் நடத்தும் பெண்மணியின் லேப்டாப்பில் கர்சர் தானாக ஓட ஆரம்பித்தது. பட்டா விண்ணப்பத்தில் சர்வே எண்ணைத் தட்டிக்கொண்டிருக்கும்போதே கர்சர் வேறு கட்டத்துக்குத் தாவிவிடும். சில நேரம் இடது கிளிக் அழுந்தினபடியே நின்றுவிடும். டெல்டாவின் பெரிய ஊர் ஒன்றில் இருக்கும் சர்வீஸ் கடைக்குக் கொண்டுபோனார். மேலோட்டமாகப் பார்த்துவிட்டு, "அக்கா, டச் சென்சார் ஐசி போயிடுச்சு, செட்டோட மாத்தணும்" என்று சொல்லி 3,800 ரூபாய் வாங்கினார்கள். (ஐசி என்றால் சிப்.) கொடுத்த துண்டுச் சீட்டில் "டச் ஒர்க்" என்று மட்டும் எழுதியிருந்தது. கடைப் பெயர் இல்லை, ஜிஎஸ்டி எண் இல்லை, மாற்றின பாகம் எதுவென்று இல்லை.

சில வாரத்தில் பழையபடி குதிக்க ஆரம்பித்தது. திரும்பக் கொண்டுபோனால், "இது மதர்போர்டுல இருக்கற டச் ஐசி, 6,500 ஆகும்" என்றார்கள். அங்கேதான் அவருக்குச் சந்தேகம் தட்டியது. வேறொரு மெக்கானிக்கிடம் கொடுத்து, தன் கண்ணெதிரே பின்மூடியைக் கழற்றச் சொன்னார்.

டச்பேட் மாற்றப்படவே இல்லை. அடிப்பக்கம் லேப்டாப் வாங்கின காலத்து ஸ்டிக்கர் அப்படியே இருந்தது. ரிப்பன் கேபிளின் முனையில் பழைய பச்சைக் களிம்பும் அப்படியே இருந்தது. டச்பேடைப் பிடித்திருக்கும் திருகுகளில் இரண்டைக் காணோம். அதற்கு நேர் கீழே பேட்டரி பூரி மாதிரி உப்பி, டச்பேடை அடியிலிருந்து நெம்பிக்கொண்டிருந்தது. திருகை எடுத்ததால் அழுத்தம் கொஞ்சம் தணிந்து, சில வாரம் ஒழுங்காக ஓடியிருக்கிறது. 3,800 ரூபாய்க்குச் செய்த வேலை இவ்வளவுதான். போதாக்குறைக்கு, அடாப்டரோடு வந்த மூன்று பின் கேபிள் கடையிலேயே தங்கிவிட்டது. திரும்பி வந்தது இரண்டு பின் கேபிள்.

பணம் போனதைவிட நமக்குப் பதறுவது அந்த பேட்டரிதான். மூடியைத் திறந்தவர் கண்ணில் அது படாமல் இருக்க வாய்ப்பே இல்லை. உப்பின லித்தியம் பேட்டரி குத்துப்பட்டாலோ நசுங்கினாலோ தீப்பிடிக்கும். அதை உள்ளேயே வைத்து மூடி, நாள் முழுக்க ஆட்கள் வந்துபோகும் மையத்துக்குத் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள்.

இதே கதை வேறு வேறு உருவத்தில் நடப்பதால், கடைக்குப் போகும் முன் தெரிந்துகொள்ள வேண்டியதைச் சொல்லிவிடுகிறோம்.

டச்பேடின் மேல்தாளுக்கு அடியில் ஒரு சர்க்யூட் பலகை இருக்கிறது. அதில் குறுக்கும் நெடுக்குமாகச் செம்புக் கோடுகள். ஒரு திசைக் கோடுகளுக்குச் சின்ன மின்துடிப்பு கொடுத்து, மறுதிசைக் கோடுகளில் எவ்வளவு வந்து சேர்கிறது என்று கட்டுப்பாட்டு சிப் அளக்கிறது. விரல் பக்கத்தில் வந்தால் அந்த மின்புலத்தில் ஒரு பங்கை விரல் இழுத்துக்கொள்ளும்; அந்த இடத்தில் மின்தேக்குத் திறன், அதாவது மின்னூட்டத்தைத் தேக்கிவைக்கும் அளவு, குறையும். குறைவது ஒரு பிகோஃபாரடுக்கும் (மிக மிகச் சிறிய அலகு) கீழே. இவ்வளவு நுணுக்கமான அளவு என்பதால்தான், டச்பேட் நன்றாக இருந்தும் வெளியே இருக்கும் கோளாறு அதைக் குழப்பிவிடுகிறது. 1994-இல் ஆப்பிள் பவர்புக் 500 வரிசையில் வந்த காலத்திலிருந்து அடிப்படை இதுதான். இன்று சினாப்டிக்ஸ், எலான், ஆல்ப்ஸ் போன்ற நிறுவனங்களின் டச்பேடுகள்தான் பெரும்பாலான லேப்டாப்புகளில் இருக்கின்றன.

கவனிக்க வேண்டியது: அந்த சிப் டச்பேடின் சொந்தப் பலகையிலேயே இருக்கிறது. அங்கிருந்து, பெரும்பாலும் ஐ2சி என்ற இணைப்பு வழியாகத், தகவல் மட்டும்தான் மதர்போர்டுக்குப் போகிறது. "மதர்போர்டில் டச் ஐசி போச்சு" என்று யாராவது சொன்னால், எந்த ஐசி, பலகையில் எந்த இடம், எந்த மின்னழுத்தம் வரவில்லை என்று கேளுங்கள். டச்பேடுக்குப் போகும் 3.3 வோல்ட் வரவில்லை என்று மீட்டர் வைத்துக் காட்டினால் நம்பலாம். வெறும் வாய்வார்த்தை என்றால் பெட்டியை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள்.

முதலில் சார்ஜரைப் பிடுங்கிவிட்டுப் பாருங்கள். பேட்டரியில் ஓடும்போது கர்சர் ஒழுங்காகவும், சார்ஜர் மாட்டினால் மட்டும் தாவலாகவும் இருந்தால் டச்பேடில் பெரும்பாலும் குற்றமில்லை, எர்த் இல்லாததுதான் காரணம். அடாப்டருக்குள் மின்இரைச்சலை அடக்க ஒரு சின்ன மின்தேக்கி வைத்திருப்பார்கள். அதன் வழியே மிகச் சிறிய கசிவு எப்போதும் இருக்கும். மூன்றாவது பின் வழியாக அது மண்ணுக்குப் போய்விட வேண்டும். போக வழியில்லை என்றால் லேப்டாப்பின் உலோகப் பாகம் 230 வோல்ட்டில் ஏறக்குறைய பாதி அளவுக்கு மிதக்கும். மில்லியாம்பியருக்கும் குறைவான கசிவுதான் என்பதால் கையில் சுருக்கென்று ஒரு கூச்சம் மட்டும் தெரியும். வெறுங்காலோடு சிமெண்டுத் தரையில் உட்கார்ந்தால் அது இன்னும் நன்றாகத் தெரியும். ஆனால் டச்பேடின் சிப் அளப்பது தன்னுடைய கிரவுண்டை வைத்துத்தான். அந்த கிரவுண்டே ஆடும்போது, வைத்த விரல் பல விரலாகவும் வைக்காத விரல் வைத்ததாகவும் அதற்குத் தெரிகிறது. கரண்ட் போய் மலிவான சதுர அலை இன்வெர்ட்டரில் ஓடும்போது தொல்லை கூடுவதும் இந்த இரைச்சலால்தான்.

கேபிளைச் சோதிக்கச் சுவரிலிருந்து கழற்றி, மல்டிமீட்டரைத் தொடர்ச்சி ஒலி முறையில் வையுங்கள். ஒரு முனையைப் பிளக்கின் பெரிய பின்னிலும், மறுமுனையை அடாப்டரில் செருகும் பக்கத்தின் எர்த் துளையிலும் வைத்தால் ஒலிக்க வேண்டும். பார்வைக்கு மூன்று பின் இருந்தும் பெரிய பின்னுக்கு உள்ளே கம்பியே இல்லாத கேபிள்கள் விற்கின்றன. கேபிள் சரி என்றால் வீட்டு எர்த்தை வயர்மேனிடம் பார்க்கச் சொல்லுங்கள். பழைய ஓட்டு வீடுகளில் பிளக்கில் எர்த் துளை இருக்கும், பின்னால் கம்பி இருக்காது. குழி இருந்தாலும் சித்திரை வைகாசியில் காய்ந்து கிடக்கும். தண்ணீர் ஊற்றினாலே பல வீடுகளில் வித்தியாசம் தெரியும். ஒன்று மட்டும் கெட்டியாகச் சொல்கிறோம்: நியூட்ரலை எர்த் துளையோடு சேர்த்துக் கட்டிவிடும் பழக்கம் சில வயர்மேன்களிடம் இருக்கிறது. அதற்கு ஒத்துக்கொள்ளாதீர்கள். நியூட்ரல் எங்காவது அறுந்தால் ஃபிரிட்ஜ், கிரைண்டர், லேப்டாப் என எல்லாவற்றின் உடம்பிலும் முழு 230 வோல்ட் வந்து நிற்கும்.

அடுத்தது பேட்டரி. பின்மூடியைக் கழற்றாமலே கண்டுபிடிக்கலாம். லேப்டாப்பை மூடிக் கண்ணாடி மேசையில் வைத்து, மூலையைத் தொட்டால் ஆடுகிறதா என்று பாருங்கள். ஒரு ஸ்கேலை நிமிர்த்திக் கை வைக்கும் பகுதிக்கு நெடுக வைத்தால், டச்பேட் மேலெழும்பி ஸ்கேலைத் தூக்கக் கூடாது. பின்மூடியில் இடைவெளி விழுந்திருக்கிறதா, கிளிக் அழுத்தமாகிவிட்டதா, அல்லது அழுந்தினபடியே நிற்கிறதா என்றும் பாருங்கள். இதில் ஏதாவது ஒன்று இருந்தால் அணைத்து, சார்ஜரைக் கழற்றிவிடுங்கள். திரும்பச் சார்ஜ் போட வேண்டாம். அழுத்தி மட்டமாக்கப் பார்க்க வேண்டாம், ஊசியால் குத்திக் காற்றை எடுக்கவே வேண்டாம். தகரக் கூரை அறையில் காலை முதல் இரவு வரை சார்ஜரிலேயே ஓடும் லேப்டாப்பில், நூறு சதவீதத்தில் நிற்கும் பேட்டரியும் வெப்பமும் சேர்ந்து உள்ளே வாயு உண்டாக்குகின்றன. பல லேப்டாப்புகளில் சார்ஜை 80 அல்லது 60 சதவீதத்தில் நிறுத்தும் வசதி, தயாரிப்பாளரின் செயலியிலோ பயாஸிலோ (விண்டோஸுக்கு முன்பே திறக்கும் அமைப்புத் திரை) இருக்கிறது. இ-சேவை மையம், உரக்கடை, ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவர்கள் அதை இன்றே போட்டுவிடுங்கள்.

டச்பேட் அறவே வேலை செய்யவில்லை என்றால் முதலில் அணைப்புச் சாவியைப் பாருங்கள். மேல்வரிசைச் சாவி ஒன்றில் டச்பேட் படம் போட்டிருக்கும். எஃப்என் சாவியோடு சேர்த்து அழுத்த வேண்டும். சில பழைய ஹெச்பி மாடல்களில் டச்பேடின் இடது மேல் மூலையை இரண்டு முறை தட்டினாலே அணைந்துவிடும். புதிதாக விண்டோஸ் போட்ட பிறகு போனது என்றால் டிரைவர்தான் (பாகத்தை இயக்கும் மென்பொருள்) முதல் சந்தேகம். இன்டெல் லேப்டாப் என்றால் சீரியல் ஐஓ டிரைவர் இல்லாமல் ஐ2சி டச்பேட் எழுந்திருக்காது. விண்டோஸ் போட்டுக் கொடுத்த கடையே இதை விட்டுவிட்டு, பிறகு டச்பேடுக்குத் தனியாகப் பணம் கேட்பதும் நடக்கிறது. உறுதிப்படுத்த 8 ஜிபி பென்டிரைவ் ஒன்றில் உபுண்டு என்ற இலவச இயங்குதளத்தை ஏற்றி, டெல் அல்லது லெனோவா என்றால் எஃப்12, ஹெச்பி என்றால் எஃப்9 அழுத்தி அதிலிருந்து திறந்து, நிறுவாமல் முயற்சிக்கும் வழியைத் தேர்ந்தெடுங்கள். அங்கே கர்சர் நகர்ந்தால் பாகத்துக்குப் பழுதில்லை.

உண்மையிலேயே டச்பேட் போகும் நேரமும் உண்டு. பெயின்ட் செயலியைத் திறந்து மூலையிலிருந்து மூலைக்கு மெதுவாகக் கோடு இழுங்கள். ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் கோடு அறுந்தாலோ படிக்கட்டு மாதிரி வந்தாலோ, அந்த இடத்துச் செம்புக் கோடு போயிருக்கிறது; மாற்றத்தான் வேண்டும். டீயோ மழைத் தண்ணீரோ இறங்கியிருந்தாலும் அப்படித்தான். நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கத்து உப்புக் காற்றில் ரிப்பன் முனைகளில் களிம்பு ஏறுவது சகஜம். அதற்குப் பாகம் மாற்ற வேண்டியதில்லை. பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டு, கனெக்டரின் பூட்டை நிமிர்த்தி ரிப்பனை எடுத்து, 99 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, காய்ந்ததும் நேராகச் செருகினால் போதும். பூட்டைத் தூக்காமல் இழுத்தால் கனெக்டர் உடையும். பிறகு அது நிஜமாகவே மதர்போர்டு வேலையாகிவிடும். ஐப்பசி கார்த்திகை அடைமழையில் ஈரக்கையோடு தொட்டால் கர்சர் தடுமாறுவது பழுதே இல்லை. துடைத்துவிட்டுத் தொடுங்கள்.

"கீபோர்டு சென்சார் போச்சு" என்பதும் இதே வகைதான். லேப்டாப் கீபோர்டில் தொடு உணர்வு எதுவும் கிடையாது. பிளாஸ்டிக் தாள்களில் அச்சடித்த வெள்ளித் தடங்கள் அழுத்தும்போது ஒன்றையொன்று தொடுகின்றன, அவ்வளவுதான். மின்தேக்கு முறைக் கீபோர்டு என்றால் 1981-இல் ஐபிஎம் பிசியோடு வந்த மாடல் எஃப் அல்லது இன்றைய டோப்ரே வகை. நம் ஊர்க் கடைக்கு வரும் லேப்டாப்பில் அது இருக்காது.

கடைக்குக் கொடுத்துத்தான் ஆக வேண்டும் என்றால், வாரண்டி இருக்கிறதா என்று தயாரிப்பாளரின் தளத்தில் சீரியல் எண் போட்டுப் பாருங்கள். இருந்தால் வெளிக்கடையில் திறக்கவே விடாதீர்கள். இல்லையென்றால் முன்னால் உட்கார்ந்து மூடியைக் கழற்றச் சொல்லி, டச்பேடின் அடிப்பக்க ஸ்டிக்கர், பேட்டரி ஸ்டிக்கர், ரேம் ஆகியவற்றைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். விண்டோஸின் டிவைஸ் மேனேஜரில் காட்டும் வன்பொருள் எண்ணையும் படம் எடுக்கலாம். ஆனால் அதே மாடல் பாகம் போட்டால் அந்த எண் மாறாது, அதனால் ஸ்டிக்கர் படம்தான் உறுதியான சாட்சி. அடாப்டரும் கேபிளும் கொடுத்திருந்தால் சீட்டில் "மூன்று பின் கேபிளுடன்" என்று எழுதி வாங்குங்கள். மாற்றின பழைய பாகத்தைக் கையில் கேளுங்கள். டச்பேடுக்குப் பணம் வாங்கினவர் பழைய டச்பேடைக் காட்ட முடியவில்லை என்றால், பணம் கொடுக்கும் முன் உள்ளே இருப்பதைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். வாங்கும்போது சார்ஜர் போட்டும் போடாமலும் இரண்டு விரல் ஸ்க்ரோல், வலது கிளிக், இழுத்து நகர்த்துதல் எல்லாம் செய்து பாருங்கள். மட்டமான மாற்றுப் பாகம் ஒரு விரலுக்கு வேலை செய்யும், இரண்டு விரலுக்குத் திணறும்.

பில் தர மறுப்பதே 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் நியாயமற்ற வணிக நடைமுறையாகச் சொல்லப்பட்டிருக்கிறது. முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியலாம். சரிவரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் இருந்தால் கட்டணம் இல்லை, இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். கடை எந்த மாவட்டத்தில் இருந்தாலும், நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்து ஆணையத்திலேயே போடலாம். துண்டுச் சீட்டானாலும் தூக்கி எறியாதீர்கள். ஜிபே, போன்பே வழியாகக் கொடுத்திருந்தால் அந்தப் பதிவே பணம் கைமாறியதற்குச் சான்று. ரொக்கமாகக் கொடுப்பதைவிட அதுவே பாதுகாப்பு.

இ-சேவை மையத்துப் பெண்மணி கடையில் போய்ப் படங்களைக் காட்டினார். "பையன் தெரியாமப் பண்ணிட்டான்க்கா" என்று பாதிப் பணம் தருவதாகச் சொன்னார்கள். அவர் வாங்கவில்லை. முழுப் பணமும் மூன்று பின் கேபிளும் கேட்டு எழுத்தில் அனுப்பியிருக்கிறார். பதில் வராவிட்டால் திருவாரூர் மாவட்ட ஆணையத்துக்குப் போகிறார். லேப்டாப்புக்குப் புதுப் பேட்டரியும் காணாமல்போன இரண்டு திருகுகளும் போட்டாயிற்று. பழைய டச்பேடிலேயே கர்சர் ஒழுங்காக ஓடுகிறது.