லினக்ஸ் கட்டளைகள் பழக பேண்டிட்: கடலூர் டிடிபி கடையிலிருந்து ஒரு மதிப்புரை

விண்டோஸ் போல இன்னொரு இயங்குதளமான லினக்ஸில், கட்டளை அடிக்கும் டெர்மினல் திரையை முதன்முதலாகத் திறக்கும் யாருக்கும் நான் இப்போது ஒரே இடத்தைத்தான் கைகாட்டுகிறேன்: ஓவர்தவயர் தளத்தில் இருக்கும் பேண்டிட் விளையாட்டு. இலவசம். பெயர், மெயில் என்று எதையும் பதிய வேண்டியதில்லை. 0 தொடங்கி 33 வரை நிலைகள். ஒவ்வொரு நிலையிலும் அடுத்த நிலைக்கான பாஸ்வேர்டு எங்கோ ஒரு ஃபைலில் ஒளிந்திருக்கும். கட்டளைகளை அடித்துத் தேடி அதை எடுக்க வேண்டும், அதைக் கொடுத்து அடுத்த நிலைக்குள் போக வேண்டும். படமோ பாட்டோ கிடையாது. கறுப்புத் திரையும் எழுத்தும்தான்.

மஞ்சக்குப்பத்தில் டிடிபி, ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். கல்லூரிப் பிள்ளைகள் லினக்ஸ் கட்டளைப் பட்டியலை நகலெடுக்க வருவார்கள். இடப்பக்கம் கட்டளை, வலப்பக்கம் ஒரு வரி விளக்கம். எல்எஸ் என்றால் ஃபோல்டரில் இருப்பதைக் காட்டும், சிடி என்றால் வேறு ஃபோல்டருக்குப் போகும், பிடபிள்யூடி என்றால் எங்கே நிற்கிறோம் என்று சொல்லும். தேர்வுக்கு அது போதும். ஆனால் மனப்பாடம் செய்த பிள்ளையை மெஷின் முன்னால் உட்கார வைத்து, "இதிலே போன வாரம் மாறின ஃபைல் எதுன்னு பாரு" என்றால் கை கீபோர்டில் அப்படியே நிற்கிறது. கட்டளை தெரியும். எப்போது எதை எடுப்பது என்பதுதான் தெரியாது. பேண்டிட் சொல்லித்தருவது அந்த இரண்டாவது விஷயத்தை. நான் இதைத் தூக்கிப் பிடிப்பதற்குக் காரணமே அதுதான்.

எனக்கு லினக்ஸ் வந்தது தேவையால். 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்தியது. கடையின் இரண்டாவது மெஷின் பழையது, விண்டோஸ் 11 கேட்கிற டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப் அதில் இல்லை. நன்றாக ஓடுகிற மெஷினைத் தூக்கிப்போட மனம் வரவில்லை. பேஜ்மேக்கர் வேலைகளுக்கு ஒரு மெஷினை விண்டோஸில் விட்டுவிட்டு, இதில் லினக்ஸ் மின்ட் போட்டோம். போட்டுத் தந்தவன் என் அக்கா மகன், புதுச்சேரியில் படிக்கிறான். பேண்டிட்டைக் காட்டியதும் அவன்தான். "சித்தி, பதிலை மட்டும் என்கிட்ட கேக்காதீங்க. எந்த மேன் பக்கத்தைப் படிக்கணும்னு வேணா சொல்றேன்" என்று முதல் நாளே கட்டளை போட்டுவிட்டான். மேன் பக்கம் என்றால் ஒவ்வொரு கட்டளைக்கும் லினக்ஸில் கூடவே இருக்கும் விளக்கக் குறிப்பு. அவன் போட்டது நல்ல விதி. யாராவது பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுப்பதாக இருந்தால் இதே விதியை வைத்துக்கொள்ளச் சொல்வேன்.

உள்ளே போவது எஸ்எஸ்எச் (ssh) வழியாக, அதாவது தூரத்து சர்வரோடு பாதுகாப்பாக இணைக்கும் கட்டளை வழியாக. போர்ட் (சர்வரின் இணைப்பு வாசல்) எண் 2220, முதல் நிலைக்குப் பெயரும் பாஸ்வேர்டும் இரண்டுமே பேண்டிட்0. சர்வர் முகவரியும் இந்த விவரங்களும் தளத்தில் 0-ஆம் நிலைப் பக்கத்தில் இருக்கின்றன. லினக்ஸ் போடாதவர்களும் விளையாடலாம், விண்டோஸ் 10, 11 இரண்டிலும் எஸ்எஸ்எச் கூடவே வருகிறது. முதல் தடவை அந்த சர்வரை நம்பலாமா என்று ஒரு கேள்வி வரும், யெஸ் என்று முழுதாக அடிக்க வேண்டும். பாஸ்வேர்டு அடிக்கும்போது திரையில் ஒன்றுமே தெரியாது, நட்சத்திரக் குறிகூட வராது. கீபோர்டு வேலை செய்யவில்லை என்று நினைத்துப் பலர் இங்கேயே விட்டுவிடுகிறார்கள். அடித்துக்கொண்டே போய் என்டர் தட்டினால் சரியாகிவிடும்.

கடலூர்க்காரர்களுக்காக ஒன்று சொல்ல வேண்டும். கார்த்திகை மழையில் எங்கள் தெருவில் கரண்டும் இன்டர்நெட்டும் சேர்ந்தே போகும். வீடியோ பாடம் அப்போது சுற்றிக்கொண்டே நிற்கும். பேண்டிட்டில் போய்வருவது வெறும் எழுத்து என்பதால் போன் ஹாட்ஸ்பாட்டில் சிக்னல் ஒரு கோடு இருந்தாலும் ஓடுகிறது. தொடர்பு அறுந்தால், இருந்த நிலையின் பாஸ்வேர்டைக் கொடுத்து மறுபடி நுழையலாம். ஆனால் அந்த பாஸ்வேர்டை நீங்கள் எழுதி வைத்திருக்க வேண்டும், விளையாட்டு உங்களுக்காக எதையும் சேமித்து வைக்காது. 32 எழுத்துகள், கையால் எழுதிக் கட்டுப்படியாகாது. காப்பி செய்து ஒரு டெக்ஸ்ட் ஃபைலில் ஒட்டுங்கள். டெர்மினலில் காப்பிக்கு கன்ட்ரோல், ஷிஃப்ட், சி. வெறும் கன்ட்ரோல் சி ஓடுகிற கட்டளையை நிறுத்திவிடும்.

இப்போது நிலைகள். பாஸ்வேர்டுகளையும் முழு விடைகளையும் எழுத மாட்டேன், எழுதினால் விளையாட்டே வீண்.

ஆரம்ப நிலைகள் சின்னவை, ஆனால் சாமர்த்தியமானவை. 0-வில் ரீட்மீ என்ற ஃபைலை, உள்ளே இருப்பதைக் காட்டும் கேட் (cat) என்ற கட்டளையால் படிக்க வேண்டும், அவ்வளவுதான். அடுத்ததில் ஃபைலின் பெயரே ஒரு ஹைபன். கேட் ஹைபன் என்று அடித்தால் கர்சர் பேசாமல் நிற்கும். ஏனென்றால் அந்த இடத்தில் ஹைபன் என்றால் கீபோர்டிலிருந்து வருவதைப் படி என்று கேட் எடுத்துக்கொள்கிறது. பெயருக்கு முன்னால் புள்ளியும் சாய்கோடும் சேர்த்து, "இந்த ஃபோல்டரில் இருக்கும் ஃபைல்" என்று பாதையோடு சொன்னால் திறக்கும். பாதை என்றால் என்ன என்பதை எந்தப் பட்டியலும் எனக்கு இவ்வளவு தெளிவாகப் புரியவைத்ததில்லை. அதற்கடுத்து பெயருக்குள் இடைவெளி விட்ட ஃபைல், அப்புறம் புள்ளியில் தொடங்கும் மறைந்த ஃபைல். எல்எஸ் கூட ஹைபன் ஏ எதற்கு என்பது அங்கே தானாக வந்துவிடுகிறது. டேப் விசை மீதிப் பெயரை நிரப்பித் தருவதும் இங்கேதான் பழக்கமாகிறது.

5-உம் 6-உம் தான் இந்த விளையாட்டின் சிறந்த பகுதி என்பது என் கருத்து. 5-ஆம் நிலையில் பல ஃபோல்டர்கள், ஒவ்வொன்றிலும் பல ஃபைல்கள். பெயர் தரமாட்டார்கள். மனிதர் படிக்கக்கூடியது, 1033 பைட், இயக்கக்கூடிய ஃபைல் அல்ல என்று மூன்று அடையாளம் மட்டும். 6-இல் ஃபோல்டர்கூடக் கிடையாது, சர்வர் முழுக்கத் தேட வேண்டும். உரிமையாளர் பேண்டிட்7, குழு பேண்டிட்6, அளவு 33 பைட். ஃபைண்ட் கட்டளை இல்லாமல் இங்கிருந்து நகர முடியாது. அதிலும் ஒரு நுட்பம்: அளவு எண்ணுக்குப் பின்னால் சி என்ற எழுத்தைச் சேர்த்தால்தான் பைட் கணக்கு. சேர்க்காவிட்டால் ஃபைண்ட் அதை 512 பைட் துண்டுகளாக எண்ணும். தேடும்போது அனுமதி இல்லை என்ற வரிகள் திரையை நிரப்பிவிடும், சரியான ஒரு வரி அதற்குள் மறைந்து போகும். கட்டளையின் கடைசியில் 2>/டெவ்/நல் (2>/dev/null) சேர்த்தால் பிழைச் செய்திகள் எல்லாம் ஒதுங்கிக்கொள்ள, விடை மட்டும் நிற்கும். வெளியீடு ஒரு வாய்க்கால், பிழை இன்னொரு வாய்க்கால் என்று பிரித்துப் பார்க்கக் கற்றது அன்றைக்குத்தான்.

இது கடையில் உடனே கைகொடுத்தது. "போன வாரம் பட்டா ஸ்கேன் பண்ணிக் கொடுத்தீங்களேம்மா, இன்னொரு காப்பி வேணும்" என்று ஒருவர் வந்து நிற்பார். ஸ்கேனர் எல்லாவற்றுக்கும் வரிசை எண்ணையே பெயராக வைத்திருக்கும். பெயர் தெரியாது, ஆனால் பிடிஎஃப் என்று தெரியும், ஏழு நாளுக்குள் என்று தெரியும், பெரிய ஃபைல் என்று தெரியும். 6-ஆம் நிலை அப்படியே நேரில் வந்து நிற்கிறது. ஃபைண்டில் ஹைபன் ஐநேம் (பெயர்), ஹைபன் எம்டைம் (மாறிய நாள்), ஹைபன் சைஸ் (அளவு) மூன்றையும் சேர்த்தால் கைவிரல் எண்ணிக்கையில் ஃபைல்கள் வந்து நிற்கும். அவர் சில்லறை எடுப்பதற்குள் பிரிண்ட் வந்துவிடுகிறது.

7-இல் கிரெப். பெரிய ஃபைலில் ஒரு சொல் இருக்கும் வரியை இழுத்துக் காட்டும் கட்டளை. டிடிபி தொழிலில் இருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்த ஃபைலில் தமிழ்ச் சொல்லைத் தேடினால் கிரெப் ஒன்றும் காட்டாது. கண்ணுக்குத் தமிழாகத் தெரிந்தாலும் உள்ளே சேமிக்கப்பட்டிருப்பது ஆங்கில எழுத்துகள். தமிழ் எழுத்துக்கே தனிக் குறியீடு தரும் யூனிகோடில் அடித்த டெக்ஸ்ட் ஃபைல் என்றால் உடனே அகப்படும். இனி எல்லாவற்றையும் யூனிகோடில் வைப்பதற்கு எனக்கு இந்த ஒரு காரணமே போதும்.

8-ஆம் நிலையில் குழாய் வருகிறது. ஒரு கட்டளையின் வெளியீட்டை இன்னொரு கட்டளைக்கு உள்ளே விடும் செங்குத்துக் கோடு. 1973-இல் பெல் ஆய்வுக்கூடத்தில் யூனிக்ஸுக்குள் வந்தது, டக் மெக்கில்ராய் விடாமல் கேட்ட யோசனை. இந்த நிலையில், ஃபைலில் ஒரே ஒரு தடவை மட்டும் வரும் வரியைக் கண்டுபிடிக்க வேண்டும். யூனிக் (uniq) கட்டளை அடுத்தடுத்து நிற்கும் வரிகளை மட்டுமே ஒப்பிடும் என்பதால், முதலில் சார்ட் (sort) கட்டளையால் வரிசைப்படுத்தி ஒரே மாதிரியானவற்றைப் பக்கத்தில் கொண்டுவந்த பிறகுதான் யூனிக்குக்கு விட வேண்டும். மாசி மக நோட்டீஸுக்கு நன்கொடையாளர் பெயர்களை ஆளுக்கொரு பட்டியலாகக் கொண்டுவருவார்கள். தட்டச்சு செய்த பிறகு சார்ட், அதன் பின் யூனிக் ஹைபன் டி போட்டால் இரண்டு முறை வந்த பெயர்கள் மட்டும் வரிசையாக நிற்கின்றன. வரிக்கடைசியில் ஒரு இடைவெளி கூடுதலாக இருந்தால் அதை வேறு பெயராக எடுத்துக்கொள்ளும், அதை முதலில் சுத்தம் செய்துவிட வேண்டும். கண்ணால் சரிபார்த்தால் ஒரு பெயராவது தப்பிவிடும். நோட்டீஸில் பெயர் விட்டுப்போனதோ இரண்டு தடவை வந்ததோ எவ்வளவு பெரிய மனவருத்தம் என்பது ஊர்க்காரர்களுக்குத் தெரியும்.

9, 10, 11 வேகமாகப் போய்விடும். 12 நீளம். ஒரு ஃபைலைப் பல முறை பல விதமாகச் சுருக்கி வைத்திருப்பார்கள், ஒவ்வொரு உறையாகப் பிரிக்க வேண்டும், ஒவ்வொரு முறையும் ஃபைல் (file) என்ற கட்டளையால் என்ன வகை என்று கேட்டுப் பெயரை மாற்ற வேண்டும். பொறுமை வேண்டும். ஆனால் ஃபைலைச் சுருக்கும், கட்டும் ஜிஜிப் (gzip), டார் (tar), பிஜிப்2 (bzip2) கட்டளைகள் அதன் பிறகு மறக்காது.

குறை என்று பார்த்தால் முதலாவது மொழி. நிலைக் குறிப்புகளும் மேன் பக்கங்களும் ஆங்கிலத்தில். குறிப்புகள் இரண்டு மூன்று வரிதான், சமாளிக்கலாம். மேன் பக்கம் நீளம், நடையும் கடினம். முழுதும் படிக்காதீர்கள். மேன் திறந்ததும் சாய்கோடு அடித்து வேண்டிய சொல்லைத் தேடுங்கள், n எழுத்தை அழுத்தினால் அடுத்த இடம், q அழுத்தினால் வெளியே. ஒவ்வொரு நிலையிலும் தேவைப்படக்கூடிய கட்டளைகளின் பெயர்களைத் தளமே பட்டியலாகத் தருகிறது, அதிலிருந்து தொடங்கினால் வழி தவறாது. தமிழ்வழியில் படித்த பிள்ளைகளுக்கு அந்தப் பட்டியலோடு யாராவது ஒருவர் பக்கத்தில் இருந்தால் நல்லது.

இரண்டாவது இன்னும் முக்கியம். அங்கே ஃபைல்கள் நமக்குச் சொந்தம் அல்ல, படிக்க மட்டுமே அனுமதி. அதனால் காப்பி செய்வது, நகர்த்துவது, அழிப்பது எல்லாம் ஆரம்பத்தில் பழக வாய்ப்பில்லை, 12-இல் டெம்ப் என்ற தற்காலிக ஃபோல்டருக்குள் கொஞ்சம் வரும். புது மென்பொருள் நிறுவுவது, சூடோ (நிர்வாகி அனுமதியோடு கட்டளை ஓட்டுவது) பயன்படுத்துவது கிடையவே கிடையாது. வீட்டு மெஷினில் தினமும் தேவைப்படுவது இவைதான். ஆகவே கூடவே உங்கள் மெஷினில் பழகு என்று ஒரு ஃபோல்டரை உண்டாக்கி, டச் கட்டளையால் காலி ஃபைல்கள் செய்து, சிபி (காப்பி), எம்வி (நகர்த்தல்), ஆர்எம் (அழித்தல்) மூன்றையும் அதற்குள் மட்டும் அடித்துப் பாருங்கள். ஆர்எம் அழித்தால் குப்பைத்தொட்டிக்குப் போகாது, போனது போனதுதான். ஹைபன் ஐ (-i) சேர்த்தால் ஒவ்வொன்றுக்கும் கேட்டுவிட்டு அழிக்கும். எம்வி அதே பெயரில் ஏற்கெனவே இருக்கும் ஃபைலை ஒரு வார்த்தை கேட்காமல் மேலெழுதிவிடும், ஹைபன் என் (-n) சேர்த்தால் தொடாது. வாடிக்கையாளர் ஃபைல் இருக்கும் மெஷினில் இந்த இரண்டையும் பழகாமல் ஆர்எம், எம்வி பக்கம் போகவே கூடாது.

13-லிருந்து விளையாட்டு திசை மாறுகிறது. எஸ்எஸ்எச் சாவி, போர்ட்கள், நெட்வொர்க் என்று பாதுகாப்புத் துறைக்குள் போகிறது. அந்த வேலைக்குப் போக நினைக்கும் பிள்ளைகள் கட்டாயம் தொடர வேண்டும், ஓவர்தவயர் அதற்காகவே இருக்கும் தளம். கடை, அலுவலகம், வீட்டு மெஷின் என்று இருப்பவர்கள் 12 முடித்ததும் நிறுத்திக்கொள்ளலாம். நான் 17 வரை போய்ப் பார்த்தேன், இரண்டு ஃபைலை ஒப்பிட்டு மாறின வரியைக் காட்டும் டிஃப் கட்டளை அங்கே வருகிறது. திருத்தத்துக்கு முன்னும் பின்னுமான இரண்டு டெக்ஸ்ட் ஃபைலை அதில் விட்டால் எந்த வரி மாறியது என்று நிமிடத்தில் தெரிந்துவிடுகிறது. அதற்காக மட்டும் நடுவில் உள்ளவற்றைத் தாண்ட வேண்டியதில்லை, மேன் டிஃப் திறந்து படித்தாலே போதும்.

கடையில் அந்த மின்ட் மெஷின் மதியம் இரண்டிலிருந்து நான்கு வரை பெரும்பாலும் சும்மாதான் இருக்கும். கட்டளைப் பட்டியலை ஜெராக்ஸ் எடுக்க வரும் பிள்ளைகள் கேட்டால் அந்த நேரத்தில் பேண்டிட் முதல் நிலையைத் திறந்து வைத்துத் தருகிறேன். காசு வேண்டாம், ஒரு நோட்டும் பேனாவும் எடுத்து வந்தால் போதும்.