நிபோங் திபாலுக்கு எந்த வழி: பிரிக்பீல்ட்ஸா, பினாங்குக் கடைத்தெருவா?

தீபாவளி முடிந்த மறுவாரம் அத்தான் கடையில் உட்கார்ந்திருந்தேன். பினாங்கு மாநிலத்தின் பெருநிலப் பகுதியில் உள்ள சின்ன ஊரான நிபோங் திபாலில் முப்பது வருடமாக மளிகைக் கடை வைத்திருக்கிறார். அந்த வரிசையில் நான்கு கடைகள் மூடிக் கிடக்கின்றன. மாடிகளில் ஒரு ஜன்னலும் திறப்பதில்லை. பக்கத்துத் துணிக்கடைக்காரர் வந்து, "பிரிக்பீல்ட்ஸ் மாதிரி ஒரு வளைவு கட்டி விளக்குப் போட்டா ஜனம் வரும் தம்பி" என்றார். அக்கா மகள் விடவில்லை. "வளைவு வேணாம் அங்கிள். ஜார்ஜ்டவுன் மாதிரி பழைய கட்டடத்தைச் சரி பண்ணுங்க, சுவத்துல படம் வரையுங்க, கஃபே தானா வரும்."

இரண்டு ஊரிலும் குடியிருந்தவன் நான். பிரிக்பீல்ட்ஸ் இருக்கும் கோலாலம்பூரில் பதினொரு வருடம், அப்புறம் ஜார்ஜ்டவுன் இருக்கும் பினாங்குத் தீவு. இருவர் சொன்னதிலும் பாதிதான் உண்மை என்று தோன்றியது. மீதிப் பாதியைச் சொல்லாமல் விட்டால், ஒரு சின்ன ஊர் தன் காசைத் தவறான இடத்தில் போட்டுவிடும்.

முதலில் பிரிக்பீல்ட்ஸ். 1881இல் தீயும் வெள்ளமும் கோலாலம்பூரை அழித்த பிறகு, இனி செங்கல்லால்தான் கட்ட வேண்டும் என்று ஆனது. அந்தச் செங்கல் சூளைகள் இருந்த இடம் இது. பிறகு ரயில்வே வந்தது. ரயில்வே ஊழியர்களும் அரசாங்கக் குமாஸ்தாக்களும் அங்கேயே குடியிருந்தார்கள். கோயில், விகாரை, தேவாலயம், பள்ளிக்கூடம் எல்லாம் நடந்துபோகும் தூரத்தில் வந்தன. கடைகள் அந்தக் குடித்தனங்களை நம்பிப் பிறந்தவை.

துணிக்கடைக்காரர் பார்த்தது 2010க்குப் பிந்திய பிரிக்பீல்ட்ஸை. அந்த வருடம் அக்டோபரில் அன்றைய இந்தியப் பிரதமர் மன்மோகன் சிங்கும் மலேசியப் பிரதமர் நஜிப்பும் சேர்ந்து லிட்டல் இந்தியாவைத் திறந்துவைத்தார்கள். துன் சம்பந்தன் சாலையில் வளைவுகள், வண்ணத் தூண்கள், யானைகள் தாங்கும் நீரூற்று. 2015இல் இந்திய அரசின் அன்பளிப்பாகத் தோரண வாயிலும் வந்தது. இதில் நல்லது இல்லாமல் இல்லை. சேலை, நகை, பூஜைச் சாமான் என்றால் எங்கே போவது என்று கேட்பவருக்கு ஒரே ஒரு முகவரி சொல்ல முடிகிறது. தீபாவளிக்கு முந்திய வாரங்களில் அங்கே நடக்க இடம் கிடைக்காது.

ஆனால் ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் போய் நின்று பாருங்கள். யார் வருகிறார்கள்? பக்கத்திலுள்ள பெரிய ரயில் நிலையமான கேஎல் சென்ட்ரலில் இறங்கி வேலைக்கும் கல்லூரிக்கும் போகிறவர்கள். பார்வையற்றோர் சங்கத்துக்கு வருகிறவர்கள். கோயிலுக்குப் பூ வாங்க வருகிறவர்கள். கேஎல் சென்ட்ரல் 2001இலும் மோனோரயில் 2003இலும் வந்தவை. கூட்டத்தைக் கொண்டுவந்தது அந்தத் தண்டவாளங்களும் பழைய கோயில்களும்தான். வளைவு அந்தக் கூட்டத்துக்குப் பெயர்ப் பலகை போட்டது. அதே காலத்தில் நூறு குவார்ட்டர்ஸ் என்று நாம் சொல்லும் 1905ஆம் வருடத்து ரயில்வே வீடுகள் இடிக்கப்பட்டன. தெருவுக்குப் பொட்டு வைத்தார்கள், தெருவில் குடியிருந்தவர்களை அனுப்பிவிட்டார்கள். எனக்கு இன்றும் ஆறாத விஷயம் அது.

நிபோங் திபாலில் கேஎல் சென்ட்ரல் இல்லை. வளைவு கட்டலாம், அதன் கீழே யார் நடந்து வருவார்கள்?

சரி, பினாங்குக்கு வருவோம். லெபோ என்றால் தெரு. லெபோ பாசாரை நம் பெரியவர்கள் கடைத்தெரு என்றார்கள், லெபோ பினாங்கைக் கிட்டங்கித் தெரு என்றார்கள். 1833இல் எழுந்த மகா மாரியம்மன் கோயில் லெபோ குயினில். சற்றுத் தள்ளிக் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலும் நாகூர் தர்காவும். 2008 ஜூலையில் மலாக்காவோடு சேர்த்து ஜார்ஜ்டவுனும் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறியது. மையப் பகுதி 109 ஹெக்டேர், அதைச் சுற்றிய காப்புப் பகுதி 150 ஹெக்டேர். கடைத்தெரு மையப் பகுதிக்குள் இருக்கிறது.

பினாங்கு வழியில் மூன்று கைகள் சேர்ந்தன. ஒன்று சட்டம்: இஷ்டத்துக்கு இடிக்க முடியாது, உயரமாகக் கட்ட முடியாது. இரண்டு பணம்: அரசாங்க முதலீட்டு நிறுவனமான கசானாவின் கீழ் 2009இல் தொடங்கிய திங்க் சிட்டி, பழைய கட்டடங்களைச் செப்பனிடச் சின்னச் சின்ன மானியங்கள் கொடுத்தது. உரிமையாளரும் தன் பங்கைப் போட வேண்டும் என்பதால் வேலையில் அக்கறை இருந்தது. மூன்று, தினமும் கவனிக்க ஓர் அலுவலகம்: ஜார்ஜ்டவுன் உலகப் பாரம்பரிய நிறுவனம் 2010இல் வந்தது. சுண்ணாம்புப் பூச்சுக்கு மேல் சிமெண்ட் பூசினால் சுவர் மூச்சுவிட முடியாமல் ஈரம் கோத்துக்கொள்ளும் என்று கொத்தனாரிடம் சொல்லிக்கொடுக்கவும் ஆள் வேண்டும். அந்த ஆள் கிடைத்தார்கள். 2012இல் லெபோ ஆர்மினியனில் சைக்கிள் பிள்ளைகள் சுவர்ப் படம் வந்தது எல்லாருக்கும் தெரியும். அக்கா மகள் பார்த்தது அந்தப் படத்தை. அதற்குப் பின்னால் இருந்த மூன்று கைகள் படத்தில் தெரியாது.

இந்த வழிக்கும் ஒரு விலை உண்டு. அந்தக் கதை 2008க்கு முன்பே தொடங்குகிறது. 1948க்கு முன் கட்டிய வீடுகளுக்கு வாடகைக் கட்டுப்பாடு இருந்தது. சொற்ப வாடகையில் தையல்காரரும் தட்டாரும் கீழே தொழில் செய்து மாடியில் குடியிருந்தார்கள். உரிமையாளருக்குக் கட்டுப்படியாகாததால் கூரை ஒழுகியது என்பதும் உண்மை. 2000 பிறந்தபோது கட்டுப்பாடு விலகியது. ஆயிரக்கணக்கானோர் வெளியேறினார்கள். காலியான மாடிகளில் சில இடங்களில், சாப்பிட விற்கும் கூட்டுக்காக உழவாரக் குருவி வளர்த்தார்கள். அந்த நிலையில்தான் யுனெஸ்கோ பெயர் வந்தது, பின்னாலேயே ஹோட்டலும் கஃபேயும் வந்தன. கட்டடம் பிழைத்தது. பல தெருக்களில் அதில் வாழ்ந்தவர்கள் திரும்பவில்லை. ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம் சுற்றுலாப் பயணிகள் கிளம்பியதும் சில தெருக்கள் எவ்வளவு அமைதியாகின்றன என்று நடந்து பார்த்தால் தெரியும்.

கடைத்தெரு மட்டும் ஏன் அப்படி ஓயவில்லை? பல நாள் யோசித்திருக்கிறேன். அங்கே விற்பது அன்றாடச் சாமான்: மசாலா, எவர்சில்வர் பாத்திரம், வெற்றிலை, பூச்சரம். சுற்றுலாப் பயணி வராவிட்டாலும் பட்டர்வொர்த்திலிருந்து ஒரு குடும்பம் கல்யாணத்துக்குச் சாமான் வாங்க ஃபெரி ஏறும். இன்னொன்று, அந்த வட்டாரத்தில் சில சொத்துகள் கோயில், வக்ஃப் போன்ற அறநிலையங்களுடையவை. அடுத்த வருடமே விற்றுவிட்டுப் போகிற அவசரம் அவர்களுக்கு இல்லை. வாடகையைக் கொஞ்சம் பொறுமையாகப் பார்க்க அவர்களால் முடியும். நிலத்துக்குச் சொந்தக்காரர் யார் என்பதை நம் ஊர்க் கூட்டங்களில் யாரும் பேசுவதில்லை. அதைத்தான் முதலில் பேச வேண்டும் என்பேன்.

அப்படியானால் பினாங்கு வழியா? பாதி ஆம். ஆனால் நிபோங் திபாலுக்கு யுனெஸ்கோ வராது. மானியம் வரலாம், வராமலும் போகலாம். அதனால் மூன்றாவதாக ஒரு வழியையும் தராசில் வைக்கிறேன். இது நம் நாட்டில் பிறந்தது இல்லை. 1970இல் டொரண்டோவின் புளோர் வெஸ்ட் வில்லேஜ் என்ற கடைவீதியில், சுரங்க ரயிலும் மால்களும் வாடிக்கையாளரை இழுத்துக்கொண்டபோது, வியாபாரிகள் தங்கள் மேல் தாங்களே ஒரு வரி போட்டுக்கொண்டார்கள். அந்தக் காசு அந்தத் தெருவுக்கே செலவானது. அமெரிக்காவில் 1977இல் மூன்று சின்ன ஊர்களில், பழைய கடைவீதியைக் கவனிக்கவே சம்பளத்துக்கு ஓர் ஆள் வைத்துப் பார்த்தார்கள். 1980இலிருந்து அது நாடு முழுக்கப் பரவியது. அமைப்பு, தோற்றம், விளம்பரம், வியாபாரம் நான்கையும் ஒன்றாக நகர்த்துவது அந்த ஆளின் வேலை.

எனக்கு இதில் பிடித்தது சம்பளம் என்ற சொல். நம் வியாபாரிகள் சங்கம் தீபாவளிக்கு விளக்குக் கட்டும், அப்புறம் தலைவருக்குத் தன் கடையைப் பார்க்கவே நேரம் இருக்காது. மற்ற பதினொரு மாதம் உடைந்த சாக்கடை மூடிக்கு யார் மாநகராட்சிக்கு நடப்பது? மூடிய கடையின் சொந்தக்காரர் ஈப்போவில் இருந்தால் யார் தேடிப் போய்ப் பேசுவது?

கணக்கும் போட்டேன். நாற்பது கடைகள், மாதம் ஐம்பது வெள்ளி (ரிங்கிட்). 2,000 வெள்ளி வரும். குறைந்தபட்சச் சம்பளம் 1,700. முதலாளி பங்காகச் சேமநிதி 13 விழுக்காடு, 221. தொழிலாளர் காப்புறுதியான சொக்சோவுக்கும் கொஞ்சம் ஒதுக்கினாலும் அடங்குகிறது. ஒரு வளைவுக்கு ஆகும் செலவில் இப்படி ஓர் ஆளைப் பல வருடம் வைத்திருக்கலாம். சட்டப்படி கட்டாயம் இல்லாமல் நாற்பது பேரும் கொடுப்பார்களா என்பதுதான் இந்த வழியின் பெரிய ஓட்டை, மறைக்கவில்லை. இருபது பேர் கொடுத்தாலும் அரைநாள் ஆள் வைக்கலாம்.

அந்த ஆளுக்கு முதல் வேலையாக நான் கொடுப்பது மாடி ஜன்னல்களை. காலி மாடிகளைச் சுத்தம் செய்து, தண்ணீரும் மின்சாரமும் சரிபார்த்து, பக்கத்தில் வேலை செய்யும் இளம் ஆசிரியர்களுக்கும் தாதியர்களுக்கும் வாடகைக்கு விடச் சொந்தக்காரர்களைச் சம்மதிக்க வைப்பது. பட்டர்வொர்த் போகும் கொமுட்டர் ரயில் அங்கே நிற்கிறது, ஆள் கிடைப்பார்கள். பத்து மாடியில் விளக்கு எரிந்தால் ராத்திரி ஒன்பது மணிக்குப் பால் பாக்கெட் வாங்கப் பத்துக் குடும்பம் கீழே இறங்கும். சுவர்ப் படம் அப்புறம் வரட்டும், அக்கா மகளே வரையட்டும்.

அத்தானிடம் போனில் இதையெல்லாம் சொன்னேன். "ஐம்பது வெள்ளியா?" என்று இழுத்தார். அவர் கடைக்கு முதல் ஆறு மாதத்தை நானே கட்டுகிறேன், மூடிக் கிடக்கும் நான்கு கடைகளின் சொந்தக்காரர் பெயர்களை மட்டும் விசாரித்து வையுங்கள் என்றேன். நேற்று இரண்டு பெயர் அனுப்பியிருக்கிறார்.