உப்பு ஏரிக்குப் புறப்படும் கேரவனும் அதன் மின்சாரப் படியும்

தேவகோட்டை நண்பர் ஒருவர் புதிதாகக் கேரவன் கட்டக் கொடுக்கப் போகிறார். வருகிற டிசம்பரில் இரண்டு குடும்பமும் சேர்ந்து ராஜஸ்தானில் இருக்கும் சாம்பர் உப்பு ஏரிக்குப் போய், வண்டியிலேயே தங்கி வருவதாகத் திட்டம். அவர் என்னிடம் கேட்டது ஒரே கேள்விதான். "அண்ணே, உங்க வண்டியில கதவைத் திறந்தா தானா ஒரு படி வெளியே வருதே, அதை நானும் வச்சுக்கலாமா?"

அவர் கேட்ட நேரம் அந்தப் படி என் வண்டியில் இல்லை. காரைக்குடியில் ஒரு வெல்டிங் பட்டறையில் பகுதி பகுதியாகப் பிரிந்து கிடந்தது. இப்போதுதான் சரிசெய்து மாட்டியிருக்கிறேன். கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுவது நல்லது. இன்ஜின், மைலேஜ், கட்டில், அடுப்பு பற்றியெல்லாம் சொல்லப் போவதில்லை. அதில் எனக்குக் குறையும் இல்லை, புதிதாகச் சொல்ல ஒன்றும் இல்லை.

படியைப் பற்றி முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அது நிஜமாகவே நல்ல சாமான். இந்த மாதிரி வேனில் ஏறும் தளம் முழங்காலுக்கு மேலே இருக்கும். இளவட்டங்கள் ஒரு தாவில் ஏறிவிடுவார்கள். எங்கள் அப்பத்தாவுக்கு மூட்டுவலி. பிளாஸ்டிக் ஸ்டூல் போட்டுப் பார்த்தோம்; மணலில் ஒரு கால் இறங்கியதும் ஸ்டூல் சாய்ந்தது, அதன் பிறகு ஸ்டூலைக் கண்டாலே வேண்டாம் என்பார். படி மாட்டிய பிறகு நிலைமையே வேறு. கதவை இழுத்ததும் அடியில் சின்னதாக ஒரு உறுமல், தட்டு வெளியே நீண்டு வந்து 'டக்' என்று நிற்கும், அதன் ஓரத்தில் விளக்கு எரியும். அப்பத்தா ஒரு கையால் கொசுவத்தைத் தூக்கிப் பிடித்து, இன்னொரு கையால் கதவோரக் கம்பியைப் பிடித்து, யாரையும் கூப்பிடாமல் இறங்குவார். ராத்திரி இரண்டு மணிக்குக்கூட. பயணம் போன இடத்தில் வயதானவர்களுக்கு மிகப் பெரிய சங்கடமே ஒவ்வொரு தடவையும் யாரையாவது எழுப்ப வேண்டியிருப்பதுதான். அந்தச் சங்கடத்தை இந்த ஒரு சாமான் தீர்த்துவிட்டது. வண்டியில் நான் போட்ட காசிலேயே மனசுக்கு நிறைவானது எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

சரி, இப்போது மற்றது.

சாம்பருக்கு முன்னோட்டமாக நாங்கள் வேதாரண்யம், கோடியக்கரைப் பக்கம் போய்வந்தோம். உப்பும் சேறும் பூநாரையும் எல்லாம் அங்கேயே உண்டு, காரைக்குடியிலிருந்து அறந்தாங்கி, பட்டுக்கோட்டை, முத்துப்பேட்டை வழியாக அரை நாளில் போய்விடலாம். அகஸ்தியம்பள்ளியில் 1930 உப்பு சத்தியாகிரகத்தின் நினைவுத் தூணைப் பார்த்துவிட்டு, உப்பளத்தை ஒட்டிய பாதையில் மெதுவாக ஓட்டினோம். கோடியக்கரை 1967 முதல் வனவிலங்கு சரணாலயம். நினைத்த இடத்தில் வண்டியைப் போட்டுத் தூங்க முடியாது. கேட்டு, காட்டிய இடத்தில்தான் நிறுத்தினோம். வெளிமானும் பார்த்தோம், பூநாரையும் பார்த்தோம். வீட்டுக்கு வந்ததும் எங்கள் ஊர் சம்பை ஊற்றின் நல்ல தண்ணீரில் வண்டியின் அடிப்பாகம் முழுக்க அடித்துக் கழுவினேன். படி அப்போது கச்சிதமாக ஓடியது.

ஐப்பசி மழை தொடங்கியது. ஒரு நாள் காலையில் கதவைத் திறந்தால் படி பாதி வந்து நின்றுவிட்டது. மூடினால் உள்ளே போகவில்லை. காலால் அழுத்தினால் கரகரவென்று சத்தம். வண்டி நின்றது காரைக்குடி செக்காலையில், எங்கள் வீட்டு வாசலில். கடலும் இல்லை, ஏரியும் இல்லை.

கழற்றிப் பார்த்தபோதுதான் விஷயம் விளங்கியது. சமையல் உப்பு, காற்றில் ஈரப்பதம் ஏறக்குறைய 75 சதவீதத்தைத் தாண்டினால் தானே தண்ணீரை இழுத்துக் கசிய ஆரம்பிக்கும். அடைமழை நாளில் உப்பு ஜாடியில் நாம் பார்ப்பதும் அதுதான். வெளியே தெரியும் உப்பைத் தண்ணீர் கொண்டுபோய்விடும். இரண்டு தகடு ஒட்டும் இடுக்கிலும் போல்ட் தலைக்கு அடியிலும் நுழைந்த உப்பு அங்கேயே காய்ந்து உட்கார்ந்திருக்கும். வெயில் காலம் முழுக்க ஒன்றும் செய்யாது. மழை வந்ததும் ஈரமாகி, வீட்டு வாசலில் நிற்கும் வண்டியை அரிக்கும். ஆகவே உப்பு ஏரிக்குப் போய்வந்து மாதங்கள் கழித்தும் கணக்கு முடியாது.

அந்த இடுக்கு ஏன் இருந்தது என்பதில்தான் எனக்குக் கோபம். வண்டியைக் கட்டிக் கொடுத்த பட்டறை, படியைத் தாங்கும் பிராக்கெட்டைச் சாதாரண இரும்பில் செய்து மேலே பவுடர் கோட்டிங் அடித்திருக்கிறது. கல் தெறித்து அந்தப் பூச்சு ஒரு இடத்தில் விட்டால் போதும், உப்பு அதன் அடியிலேயே ஊர்ந்து போகும். மேலே பூச்சு கொப்புளமாக எழும்பி நிற்கும், விரலால் அழுத்தினால் உதிரும், உள்ளே செம்பழுப்பு மாவு. இன்னொன்று, படி உள்ளே வெளியே நகரும் அலுமினியத் தண்டவாளத்தில் எஸ்.எஸ். (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) போல்ட்டை நேரடியாக முடுக்கியிருந்தார்கள். எஸ்.எஸ்.ஸும் அலுமினியமும் நேருக்கு நேர் தொட்டு, நடுவே உப்புத் தண்ணீரும் சேர்ந்தால் மின்சாரம் ஓடி அலுமினியம் கரையும். போல்ட் பளபளவென்று புதுசாக இருந்தது. அதைச் சுற்றித் தண்டவாளம் வெள்ளைப் பொடியாகிப் பள்ளம் விழுந்திருந்தது. நடுவில் ஒரு நைலான் வாஷர் போட்டிருந்தால் இந்தத் தொல்லை வெகுவாகக் குறைந்திருக்கும். அது சில ரூபாய்ச் சாமான். கடலோரம் போவதற்குத்தான் வண்டி என்று முதல் நாளே சொல்லித்தான் கட்டக் கொடுத்தேன். போன் செய்து கேட்டதற்கு, "கடல் பக்கம் போனா அப்படித்தான் சார்" என்று பதில். கேரவனைக் கடல் பக்கம் கொண்டுபோகாமல் வேறு எங்கே கொண்டுபோவது?

ஆனால் நியாயமாகவும் பேச வேண்டும். மோட்டாரில் ஒரு குறையும் இல்லை. இத்தனை உப்புக்கும் சேற்றுக்கும் உள்ளே ஒரு சொட்டு ஈரம் இறங்கவில்லை. கதவில் இருக்கும் காந்த ஸ்விட்ச், ஒயரிங் எல்லாம் அப்படியே இருந்தது. கெட்டது முழுக்கத் தாங்கும் சட்டம்தான், படி இல்லை. வெல்டிங் பட்டறைத் தம்பி அதைத்தான் காட்டினார். "அண்ணே, சாமான் நல்ல சாமான். மாட்டினவங்கதான் சரியில்லை." அவர் 316 ரக எஸ்.எஸ்.ஸில் புது பிராக்கெட் வெட்டி, எல்லா மூட்டிலும் நைலான் வாஷர் கொடுத்து, தண்டவாளத்தில் கிரீஸுக்குப் பதில் உலர்ந்த டெஃப்லான் ஸ்ப்ரே அடிக்கச் சொன்னார். கிரீஸ் போட்டால் மணலும் உப்புத் தூசியும் அதிலேயே ஒட்டிக்கொண்டு சட்டத்தைத் தேய்க்குமாம். சரியான பேச்சு. சாதாரணமாகக் கிடைக்கும் 304ஐ விட 316 உப்பைத் தாங்கும், அதில் மாலிப்டினம் சேர்ந்திருப்பதுதான் காரணம். விலையும் கூட. ஆனால் இந்த வேலைக்கு அதுதான்.

இப்போது சாம்பர். நண்பர் அதைக் குளக்கரை மாதிரி நினைத்துக்கொண்டிருக்கிறார், அதனால் இதைக் கொஞ்சம் விரித்தே சொல்ல வேண்டியிருக்கிறது. இந்தியாவில் உள்நாட்டு உப்பு ஏரிகளில் இதுதான் பெரியது. ஜெய்ப்பூரிலிருந்து ஏறக்குறைய 80 கிலோமீட்டர். உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் 1990 முதல் இருக்கிறது. மழைக்கு நிறைந்து கோடைக்குள் வற்றும், ஆழம் எங்கும் பெரிதாக இல்லை. நடுவே ஒரு கல் அணை ஏரியைப் பிரிக்கிறது. கிழக்குப் பக்கம் உப்புப் பாத்திகள். பூநாரைகளைப் பார்க்க நவம்பர் முதல் பிப்ரவரி வரை நல்ல காலம், டிசம்பர் ராத்திரியில் நம் ஊர் ஆட்களுக்குப் பல் கிட்டிக்கும் குளிர். காரைக்குடியிலிருந்து 2,000 கிலோமீட்டருக்கு மேல், அதனால் போகவர மட்டும் ஒரு வாரத்துக்கு மேல் ஒதுக்க வேண்டும்.

ஏரிப் படுகைக்குள் வண்டியை இறக்கவே கூடாது. மேலே வெள்ளையாகக் காய்ந்து கெட்டியாகத் தெரியும், அடியில் கருஞ்சேறு. மூன்று டன் வண்டி அச்சுவரை இறங்கிவிட்டால் எடுக்க டிராக்டர் தேட வேண்டும். பறவைகளுக்கும் அந்தப் படுகைதான் சோறு. 2019 நவம்பரில் அங்கே ஆயிரக்கணக்கில் பறவைகள் செத்து மிதந்தன. பாட்டுலிசம் என்ற நச்சு நோய் காரணம் என்று கண்டுபிடித்தார்கள். அப்படிப்பட்ட இடத்தில் சக்கரத் தடம் போடுவதற்கு மனசு வரக் கூடாது. சாகம்பரி தேவி கோயில் பக்கமோ சாம்பர் ஊர்ப் பக்கமோ கெட்டித் தரையில், கேட்டுக்கொண்டு நிறுத்தலாம். பார்க்க நடந்து போகலாம்.

நடந்து போய்விட்டு எல்லாரும் திரும்பி ஏறுவது அந்தப் படியில்தான். ஆளுக்கு இரண்டு செருப்பு நிறைய உப்புச் சேறு, தட்டில் தேய்த்துவிட்டுத்தான் ஏறுவோம். கதவை மூடியதும் படி அதை அப்படியே தண்டவாளத்துக்குள் இழுத்துக்கொண்டு போகும். என்னுடைய முழுக் கவலையும் இந்த ஒரு இடத்தில்தான். அதற்காகப் பயிருக்கு மருந்தடிக்கும் கைப்பம்ப் ஒன்று புதிதாக வாங்கி வைத்திருக்கிறேன். அதில் 10 லிட்டர் நல்ல தண்ணீர் படிக்கு மட்டும், மூடுவதற்கு முன் ஒவ்வொரு தடவையும். ஏரியோரத்து போர் தண்ணீரில் கழுவாதீர்கள், அதுவே உப்பு. 100 லிட்டர் டேங்கில் குடிக்க, சமைக்க, கால் கழுவ என்று கணக்குப் பார்த்தால் படிக்கு எடுக்கும் தண்ணீர் சின்ன விஷயமில்லை. திரும்பும் வழியில் ஜெய்ப்பூரில் முதல் வேலை வாட்டர் சர்வீஸ், அடிப்பாகம் முழுக்க, படியை வெளியே நீட்டிவைத்து. ஊர் வந்ததும் இன்னொரு தடவை, அதோடு பிராக்கெட் போல்ட்டுகளைத் தளர்த்திக் கழுவி மறுபடி முடுக்கிவிட வேண்டும். மழைக்கு முன்னால் இது முடிந்திருக்க வேண்டும்.

நண்பருக்கு இதையெல்லாம் சொல்லிவிட்டுக் கடைசியில் சொன்னது, வைக்காதீர்கள் என்பதுதான். 316 எஸ்.எஸ்.ஸில் கையால் மடக்கும் படி ஒன்று வெல்ட் செய்துகொள்ளுங்கள். மோட்டார் இல்லை, தண்டவாளம் இல்லை, ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றினால் கழுவி முடிந்தது. ஒரு தடவை குனிந்து இழுத்தால் போதும். அவர் வீட்டில் வயதானவர்கள் யாரும் பயணம் வருவதில்லை என்பதையும் யோசித்துத்தான் சொன்னேன்.

"அப்ப உங்க வண்டியில இருக்கிறதைக் கழற்றிடுவீங்களா அண்ணே?" என்றார். கழற்ற மாட்டேன். இன்னொரு தடவை கெட்டாலும் இன்னொரு தடவை செலவு செய்து மாட்டுவேன். சாம்பருக்கு அப்பத்தாவும் வருகிறார். நண்பருக்குச் சொன்ன பதிலில் மாற்றமில்லை, வைக்க வேண்டாம்.