காலர் பின்னா, பிளேசர் பேட்ஜா?

பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்று வந்தவர்கள் ரெஜிமென்ட் சின்னத்தைச் சட்டையில் குத்தும் சின்ன உலோகப் பின்னாக வாங்குவதா, பிளேசர் பாக்கெட்டில் தைக்கும் ஜரிகை பேட்ஜாக வாங்குவதா என்று குழம்புகிறார்கள். மதராஸ் ரெஜிமென்ட்காரர் என்றால் இரண்டிலும் அதே யானைதான், 1803 அசாயே போரின் நினைவாக வந்த யானை.

விலை: பின் மலிவு. ஜரிகை பேட்ஜ் கைவேலை என்பதால் கூடுதல், அதோடு பிளேசர் வேறு தைக்க வேண்டும், சென்னை வெயிலில் அதை எத்தனை நாள் போடப் போகிறீர்கள்?

உழைப்பு: பின்னில் எனாமல் சீக்கிரம் மங்காது, ஆனால் பின்பக்கப் பிடி தளர்ந்தால் பஸ்ஸில் எங்கே விழுந்தது என்றே தெரியாது. ஜரிகை தொலையாது, ஆனால் ஈரக்காற்றில் கறுத்துவிடும், தண்ணீரில் நனைக்கவே கூடாது.

வசதி: பின்னை எந்தச் சட்டைக்கும் மாற்றலாம். மெல்லிய துணியில் ஓட்டை விழும் என்று சிலர் காந்தப் பின் வாங்குகிறார்கள். சரி, ஆனால் பேஸ்மேக்கர் வைத்தவர்கள் அதை நெஞ்சருகே வைக்க வேண்டாம்.

கல்யாணம், வங்கி, டிசம்பர் 7 கொடி நாள் என்று அடிக்கடி அணிபவருக்குப் பின் போதும். ஆண்டுக்கு ஒருமுறை நீலகிரி வெலிங்டனில், மதராஸ் ரெஜிமென்ட் மையத்தில், பழைய தோழர்களைப் பார்க்கப் போகிறவர் பிளேசரே தைத்துக்கொள்ளட்டும், அங்கே குளிருக்கும் ஆகும்.