செங்கோட்டை–புனலூர் மலைப்பாதை: மின்கம்பி வந்தாச்சு, பழைய வண்டிகள் எப்போது?

செங்கோட்டைக்கும் கேரளத்துப் புனலூருக்கும் நடுவே ரயில் தாண்டும் மலையைப் பகலில் பார்க்க வேண்டுமென்றால் மதுரை–குருவாயூர் எக்ஸ்பிரஸில் (16327) ஏறுங்கள். திரும்ப 16328. கொல்லத்திலிருந்து சென்னை போகும் 16102-ம் பகலிலேயே கடக்கிறது. பாலருவி எக்ஸ்பிரஸ் (தூத்துக்குடி–பாலக்காடு) போக, வர இரண்டு தடவையும் இருட்டில்தான் மலை தாண்டும். தூங்கிப் போக நல்ல வண்டி, அவ்வளவுதான்.

செங்கோட்டை விட்டதும் பகவதிபுரம், அப்புறம் குகை, குகை முடிந்தால் ஆரியங்காவு. பதிமூன்று கண் பாலம் கழுதுருட்டிக்குப் பக்கத்தில். வண்டியில் இருந்தால் அதன் கண்கள் தெரியாது, கீழே சாலையில் நின்றுதான் பார்க்க வேண்டும்.

மின்சார எஞ்சின் வந்ததில் குகைக்குள் டீசல் புகை இல்லை. இறக்கத்தில் பிரேக் பிடிக்கும்போது கம்பிக்கே மின்சாரம் திரும்புகிறது. ஆனால் நேரம் குறையும் என்று நம்பி வருபவர்கள் ஏமாறுவார்கள். மலைத்தடமான பகவதிபுரம்–இடமண் சுமார் 34 கி.மீ., வேக வரம்பு மணிக்கு 30 கி.மீ. நிற்காமல் ஓடினாலே 70 நிமிடம் ஆகும். எஞ்சினுக்கு இழுவை போதாமல் அல்ல. ஏற்றமும் வளைவும் மீட்டர்கேஜ் (ஒரு மீட்டர் அகலத் தண்டவாளம்) காலத்துத் தடத்தையே பின்பற்றுகின்றன. மலையேறப் பின்னாலும் ஒரு எஞ்சின் வேண்டும். அதைக் கோர்த்து, பிரேக் சோதித்து, மறுபக்கம் கழற்றும் நேரத்தையும் கணக்கில் வையுங்கள். பெட்டி வரம்பு 14-லிருந்து 18 ஆனது நிஜமான லாபம்.

குறை எங்கே என்றால், உள்ளூர்க்காரர்களுக்கு. 2023-ல் குருவாயூர்–புனலூர், கொல்லம்–செங்கோட்டை, செங்கோட்டை–மதுரை வண்டிகளை இணைத்துத்தான் இந்தக் குருவாயூர் வண்டியை உருவாக்கினார்கள். எர்ணாகுளம் பக்கம் தாமதமானால் தென்காசியில் காத்திருப்பவரும் அதைச் சுமக்கிறார். ஒற்றைத் தடம் வேறு. எதிர் வண்டிக்கு நின்றால் இன்னும் நேரம் போகும்.

2010 செப்டம்பரில் இந்தப் பாதையை மூடி, 2018-ல் அகலப்பாதையாகத் திறந்தார்கள். மீட்டர்கேஜில் ஓடிய கொல்லம்–கோயம்புத்தூர், கொல்லம்–நாகூர் வண்டிகள் திரும்பவில்லை. பொள்ளாச்சி, பழனி, திண்டுக்கல் வழியாகக் கோவை வரை இப்போது மின்கம்பி இருப்பதால் நடுவில் எஞ்சின் மாற்றும் வேலை இல்லை. முதலில் கேட்க வேண்டியது கோவை வண்டியைத்தான். அதோடு காலையில் செங்கோட்டையிலிருந்தும் மாலையில் கொல்லத்திலிருந்தும் கிளம்பும் தனி பாசஞ்சர் ஒன்று. வேறு எந்த வண்டியோடும் இணைக்காமல்.