மைக்ரோஸ்பைக்கா, கிராம்பனா?

குளிர்கால மலைநடையில் காலில் எதை மாட்டலாம் என்று கேட்டால், பனி எப்படி இருக்கிறது என்றுதான் பலரும் பார்ப்பார்கள். நான் பார்ப்பது சரிவின் கீழ்ப்பக்கத்தை. வழுக்கினால் எங்கே போய் நிற்பேன்? புதரிலா, பாறையிலா, பள்ளத்திலா?

மைக்ரோஸ்பைக் என்பது ரப்பர் பட்டையில் கோத்த சங்கிலியும் சின்னச் சின்ன எஃகுப் பற்களும்தான். ஜோடி 400 கிராம் அளவில் இருக்கும். சாதாரண ஷூவிலேயே அரை நிமிடத்தில் மாட்டிவிடலாம். பகலில் ஆட்கள் மிதித்து இறுக்கி, இரவில் கண்ணாடி மாதிரி உறைந்துபோன ஒற்றையடிப் பாதைக்கு இதைவிடச் சௌகரியமானது வேறில்லை. ஆனால் பல்லின் நீளம் சுமார் 1 செ.மீ.தான். ஒருமுறை கெட்டிப்பட்ட சரிவைக் குறுக்காகக் கடந்தேன். நாலாவது அடியிலேயே ரப்பர் ஒரு பக்கமாக இழுபட்டு, பற்கள் பாதத்தின் ஓரத்துக்கு வந்துவிட்டன. வெறும் ஷூ அடி பனியில். உட்கார்ந்தபடியே நகர்ந்து திரும்பினேன். பார்த்தவர்கள் சிரித்திருப்பார்கள்.

அந்த இடத்துக்குக் கிராம்பன்தான் சரி. 10 அல்லது 12 எஃகுப் பற்கள், பெரும்பாலும் 2 செ.மீ.க்கு மேல் நீளம், உறுதியான சட்டம். எஃகு என்றால் ஜோடி ஒரு கிலோவை நெருங்கும். அடிப்பாகம் விறைப்பான பூட்ஸ் வேண்டும். வளைகிற ஷூவில் மாட்டினால் நடக்க நடக்கக் கழன்றுவிடும். நடையும் மாற வேண்டும். கால்களைச் சற்று அகட்டி, எல்லாப் பற்களும் ஒன்றாக இறங்கும்படி பாதத்தைத் தட்டையாக வைக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒரு காலின் பல் மறுகாலின் பேண்ட்டில் மாட்டி, பனியே இல்லாமலும் விழலாம். ஈரப்பனி அடியில் உருண்டையாகத் திரளும். பனி ஒட்டாமலிருக்கப் பொருத்தும் அடித்தகடு இருந்தாலும் அவ்வப்போது கோலால் தட்டிவிட வேண்டியிருக்கும். வார் மாட்டுவதை வீட்டிலேயே, கையுறையோடு பழகிக்கொள்ளுங்கள்.

ஸ்னோஷூ, அதாவது பனியில் புதையாமலிருக்க ஷூவுக்கு அடியில் மாட்டும் அகலமான சட்டம், பற்றி ஒரு வரி போதும்: முழங்கால் வரை புதைகிற புதுப்பனிக்கு அருமை, உறைந்த செங்குத்துச் சரிவில் தொல்லை.

அப்புறம் கைக்கு என்ன? இரண்டு கோல்கள் சமநிலைக்கு நல்லவை. சறுக்க ஆரம்பித்துவிட்டால் அவை பெரும்பாலும் உதவாது. ஐஸ் ஆக்ஸ் (பனிக்கோடாலி) இருந்தால் உடனே குப்புறத் திரும்பி, அதன் கூரான அலகைத் தோள் பக்கம் வைத்து நெஞ்சின் எடையால் பனியில் அழுத்தலாம். கிராம்பன் போட்டிருந்தால் பாதங்களை உயர்த்திக்கொள்ள வேண்டும். பல் குத்திக்கொண்டால் ஆளையே தலைகுப்புறத் தூக்கியடிக்கும். இதைப் பழகாமல் ஆக்ஸை மட்டும் வாங்கிப் பையில் செருகுவதில் அர்த்தமில்லை. வேகம் பிடித்துவிட்டால், அதுவும் கடினமான பனிக்கட்டியில், தேர்ந்தவர்களுக்கே நிறுத்துவது கஷ்டம். ஆகவே சரிவின் மேல்பக்கக் கையில் பிடித்து, ஒவ்வொரு அடிக்கும் ஊன்றி, சறுக்காமலே பார்த்துக்கொள்வதுதான் அதன் முதல் வேலை.

ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் மைக்ரோஸ்பைக் வாங்குங்கள், பாதையையும் அதற்கேற்றபடி தேர்ந்தெடுங்கள். கிராம்பனும் ஆக்ஸும் சேர்ந்தே வரட்டும், பயிற்சியாளரோடு ஒரு நாளும் சேர்த்து. அதுவரை, குறுக்குச் சரிவு வருகிற இடத்தில் டீயைக் குடித்துவிட்டுத் திரும்பிவிடலாம். நான் இரண்டு குளிர்காலம் அப்படித்தான் திரும்பினேன்.