மலைக்கு எந்த பிரஷர் மெஷின்?

மகளிர் குழுவில் சேர்ந்த பணத்தில் எங்கள் ஊர் துணை சுகாதார நிலையத்துக்கு, கர்ப்பிணிகளின் ரத்த அழுத்தம் பார்க்க ஒரு பிரஷர் மெஷின் வாங்கித் தரலாம் என்று பேச்சு வந்தது. "ஏதோ ஒண்ணு வாங்கிக் குடுங்க" என்றார்கள். ஏதோ ஒன்று போதாது என்று நான் வாய்விட்டுச் சொன்னதில், விசாரிக்கும் வேலை என் தலையில் விழுந்தது. கொடைக்கானல் மலையில் பூம்பாறை, மன்னவனூர் பக்கம் இருப்பவர்களுக்கும் இது உதவலாம்.

இருபது வாரம் தாண்டிய கர்ப்பிணிக்கு ரத்த அழுத்தம் 140/90 என்றால் கவனிக்க வேண்டும். 160/110 என்றால் அவசரம். விட்டால் வலிப்பில் கொண்டுபோய் விடும். உடம்பு முன்கூட்டியே தெளிவாகச் சொல்லாது. கால் வீக்கம் பாதிப் பேருக்கு இருக்கிறது. தலைவலி வந்தால் இங்கே குளிரின் மேல் பழி போட்டுவிடுவோம். அளந்து பார்த்தால்தான் தெரியும்.

பாதரச மெஷினைப் பற்றி அதிகம் பேச ஒன்றுமில்லை. துல்லியமானதுதான். ஆனால் 2020க்குப் பிறகு அதன் உற்பத்தி கூடாது என்கிறது பாதரசத்தைக் கட்டுப்படுத்தும் சர்வதேச மினமாட்டா ஒப்பந்தம். அதோடு, பாதரச வெப்பமானி ஆலை 2001இல் மூடப்பட்ட பிறகும் அந்தக் கழிவைப் பற்றி இன்னும் பேசிக்கொண்டிருக்கிற கொடைக்கானல் மலையில், கண்ணாடிக்குழாயில் பாதரசத்தைச் சுமந்துகொண்டு யாரும் மேடு ஏற வேண்டாம்.

அடுத்தது, நர்ஸம்மா பையில் இருக்கும் முள் மெஷின். ஸ்டெதாஸ்கோப்பில் சத்தம் கேட்டு, வட்ட முகப்பில் முள் காட்டும் எண்ணைக் குறிக்க வேண்டும். பேட்டரி வேண்டாம், கெட்டியாக உழைக்கும். பழகிய காது இருந்தால் நம்பகமானதுதான். சிக்கல் என்னவென்றால், ஜீப்பில் குலுங்கி ஒரு தடவை கீழே விழுந்தால் முள் நகர்ந்துவிடும். வெளியே பார்த்தால் தெரியாது. ஆறு மாதத்துக்கு ஒரு முறை சரிபார்க்கச் சொல்கிறார்கள். அதற்கு மலை இறங்கிப் போய்வர யாருக்கு நேரம்? இன்னொன்று, மனிதக் கை எண்ணை முழுதாக்கிவிடும். 138, 142 எல்லாம் அட்டையில் 140 ஆகிவிடும், அல்லது 130. எல்லைக்கோட்டில் நிற்கும் பெண்ணுக்கு அந்தச் சின்ன வித்தியாசம்தான் எல்லாமே.

மருந்துக்கடை டிஜிட்டல் மெஷின் எளிது, யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். நானும் முதலில் அதையே சொன்னேன். அப்புறம்தான் தெரிந்தது: இந்த மெஷின் காற்றுப்பட்டையில் உண்டாகும் அதிர்வை வைத்து அழுத்தத்தைக் கணக்கிடுகிறது. கர்ப்பகால ரத்த அழுத்த நோய் முற்றியவர்களுக்குச் சில மாடல்கள் உண்மையைவிடக் குறைத்துக் காட்டும். எங்கே எச்சரிக்க வேண்டுமோ அங்கேயே "சரி, போங்க" என்று அனுப்பிவிடும்! ஆகவே கர்ப்பிணிகளிடம் சோதித்த மாடலா என்று கேட்டு வாங்க வேண்டும். மணிக்கட்டில் கட்டுவது வேண்டவே வேண்டாம்.

கிரேடில் என்ற கருவி இந்தக் குறையை மனதில் வைத்தே செய்யப்பட்டது. லண்டன் கிங்ஸ் கல்லூரி ஆய்வாளர்கள் மைக்ரோலைஃப் நிறுவனத்தோடு உருவாக்கினார்கள். சாதாரண செல்போன் சார்ஜர் போதும். அளந்ததும் சிக்னல் விளக்கு மாதிரி பச்சை, மஞ்சள், சிவப்பு எரியும். 140/90க்கு மஞ்சள், 160/110க்கு சிவப்பு. நாடித்துடிப்பையும் மேல் அழுத்தத்தையும் சேர்த்துக் கணக்குப்போட்டு, பிரசவ ரத்தப்போக்கில் அழுத்தம் சரிவதையும் காட்டிக்கொடுக்கும். எண் படிக்கத் தடுமாறுபவருக்கும் நிறம் புரியும். ஆப்பிரிக்க நாடுகளிலும் ஹைதியிலும் கர்நாடகத்தின் கோகாக்கிலும் இதைப் பெரிய அளவில் சோதித்தார்கள். தாய்மாருக்கு நேரும் ஆபத்து அந்தக் காலத்தில் குறைந்தது. ஆனால் அது கருவியால்தான் என்று அடித்துச் சொல்ல முடியவில்லை. சிவப்பு எரிந்த பிறகு வண்டியும் வலிப்பைத் தடுக்கும் மெக்னீசியம் சல்பேட் ஊசியும் கிடைக்காவிட்டால் விளக்கு என்ன செய்யும்?

என் ஓட்டு கிரேடிலுக்கு. எங்கள் மருந்துக்கடையில் நான் அதைப் பார்த்ததில்லை. கிடைக்காவிட்டால் கர்ப்பிணிகளிடம் சோதித்த டிஜிட்டல், கூடவே பருத்த கைக்கு ஒரு பெரிய பட்டை. சின்னப் பட்டையைப் பெரிய கையில் இறுக்கினால் அழுத்தம் கூடுதலாகக் காட்டும். முள் மெஷினைத் தூக்கிப் போட வேண்டாம், சந்தேகம் வந்தால் ஒத்துப் பார்க்க இருக்கட்டும்.

எந்த மெஷினாக இருந்தாலும் எங்கள் ஊரில் ஒரு தொல்லை உண்டு. மேடேறி மூச்சிரைக்க வந்த பெண்ணை, ஸ்வெட்டரைக்கூடக் கழற்றாமல் ஸ்டூலில் உட்காரவைத்து உடனே அளக்கிறோம். ஐந்து நிமிஷம் பேசாமல், முதுகு சாய்ந்து, கால் தரையில் பட உட்கார வேண்டும். மீதிப் பணத்தில் சாய்மானம் உள்ள நாற்காலி ஒன்று வாங்கலாம் என்று நர்ஸம்மாவிடம் சொன்னேன். "அதை முதல்ல வாங்குங்கம்மா" என்றார்.